ஒரு சாண் வரப்புக்கு எத்தனை படி?

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில இரும். கக்கத்துல பைலு இருக்கதப் பாத்தா, பொண்ணு பாக்கப் போற மாதிரி தெரியல. வக்கீலப் பாக்கத்தான? வடக்கு வயக்காரன் உம்ம வரப்ப ஒரு சாண் வெட்டிட்டானாம். “ஐகோர்ட்டு வரைக்கும் போவேன்”னு டீக்கடையில சவடால் விட்டீராமே! போவும், யாரு வேண்டாம்னா? ஆனா ஐகோர்ட்டு என்ன, குத்தாலத்து அருவியா, நேரே போயி தலைய நீட்டதுக்கு? படிப்படியா ஏறணும்.

ரெண்டு ஏணி உண்டு. அவன் உம்ம மண்டைய ஒடச்சா அது கிரிமினல் ஏணி. மொதப்படி ஜுடீசியல் மாஜிஸ்திரேட்டு, மூணு வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம். சீப் மாஜிஸ்திரேட்டுன்னா ஏழு வருசம். கொலைன்னா செசன்ஸ் கோர்ட்டு. அங்க தூக்குன்னே தீர்ப்பு எழுதலாம்; ஆனா ஐகோர்ட்டு உறுதி பண்ணாம கயித்தத் தொட முடியாது. ஒரு சாணுக்காக மண்டையக் குடுக்காண்டாம், சிவில் ஏணிக்கே வாரும்.

அங்க அடிப்படி மாவட்ட முன்சீப்பு. பேருல மாவட்டம் இருக்கேன்னு பயப்படாண்டாம், தாலுகாவுலயே இருப்பாரு. சின்ன ஊருன்னா முன்சீப்பும் மாஜிஸ்திரேட்டும் ஒரே ஆளுதான். சொத்து மதிப்பு கூடினா சப் கோர்ட்டு, அதுக்கும் மேல மாவட்ட நீதிபதி. அவரே கிரிமினல் கேக்கும்போது செசன்ஸ் நீதிபதி. நான் உமக்கு மாமன், அடுத்த வீட்டுக்குச் சித்தப்பன்ங்கோம்லா, அந்தக் கணக்கு.

முன்சீப்பு தீர்ப்பு புடிக்கலன்னா வழக்கமா சப் கோர்ட்டுக்கு அப்பீலு. அதுவும் கசந்தாத்தான் ஐகோர்ட்டு. அந்தக் காலத்துல நம்ம பக்கத்து ஆளுவ, 1862ல தொடங்குன மெட்ராஸ் கோர்ட்டுக்கே ரயிலேறணும். 2004 ஜூலையில மதுரைக் கிளை தொறந்த பொறவு பஸ்சுல போயிரலாம். ஆனா ரெண்டாவது அப்பீல்ல, யாரு சொன்னது நெசம்னு மறுபடியும் மொதல்லருந்து கேக்க மாட்டாவ. முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் எடுப்பாவ. உம்ம வரப்புல புல்லு இருக்கு, நண்டு வளை இருக்கு. சட்டக் கேள்வி எந்தப் பொந்துல இருக்குன்னு தேடிப் பாத்தீரா? அது கெடக்கட்டும், பணங்கட்டி சர்வேயர வச்சு அளந்தாவது பாத்தீரா? முழிக்கீரே!

நானும் ஏறி எறங்குனவந்தான்வே. ஒத்தப் பனைக்கு வழக்கு. வாய்தாவுக்கு நானும் எதிராளியும் ஒரே பஸ்சு. வேற பஸ்சு கெடையாதுல்லா. டிக்கெட்டு அவன் எடுத்தா காராச்சேவு நான் வாங்குவேன். டவாலி எங்க ரெண்டு பேரு பேரயும் கூப்பிட்டா, வேப்பமரத்தடியிலருந்து வேட்டியத் தட்டிட்டு ஒண்ணாவே எந்திரிப்போம். அடுத்த வாய்தா குடுப்பாவ, ஒண்ணாவே திரும்புவோம். பாத்தவனெல்லாம் சம்பந்திமாருன்னு நெனச்சான். பதினோராம் வருசம் சம்பந்தியாவே ஆயிட்டோம்!

பொறவென்ன, லோக் அதாலத்துல போயி ராசியா எழுதிக் குடுத்தோம். 1987 சட்டத்துல வந்த ஏற்பாடு அது. அங்க ஒத்துக்கிட்டா அதுவே கோர்ட்டு டிகிரி, அதுக்கு மேல அப்பீலு கெடையாது. கட்டுன கோர்ட்டுக் கட்டணமும் கைக்குத் திரும்பிட்டு. வழக்குப் போடுததுக்கு முன்னாடியே கூட அங்க போலாம். தாலுகா சட்டப் பணிகள் குழுன்னு கோர்ட்டு வளாகத்துலயே இருக்கும், ஒரு மனு எழுதிக் குடுத்தாப் போதும். அதத்தான் நான் பதினோரு வருசம் கழிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

பனை யாருக்குன்னா கேக்கீரு? பேரன் நொங்கு திங்கான். அவன் எந்தக் கட்சின்னு நீரே சொல்லும்.

சரி, நேரமாவுது. அந்த வடக்கு வயக்காரனுக்குப் படிச்ச மவ ஒருத்தி இருக்காளாமே? பைல இங்கன வச்சிட்டு, மூஞ்சியக் கழுவிட்டுப் போவும்.