கடைசிப் பந்திக் கற்கள்

பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்குளத்தில் பெக்மடைட் பாறை இல்லை. ஏரிக்கரையைத் தோண்டினால் மணலும் சேறும் கிளிஞ்சலும்தான். கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. சுவருக்கு அடிக்கலாம், வெற்றிலைக்குத் தடவலாம். இப்படி உடனே பயன்பட்டுவிடும் பொருளுக்கு ஆய்வுலகில் மரியாதை கிடையாது. எனவே பெக்மடைட் உள்ள, காங்கேயம் பக்கத்துப் படியூருக்குப் போவோம்.

தோற்றம்: பாறைக்குழம்பு ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் முந்திக்கொண்டு இடம்பிடிக்கின்றன. முதலில் உருவாகும் கனிமங்கள் சேர்த்துக்கொள்ளாத பெரிலியம், போரான், லித்தியம் ஆகியவை நீரோடு கடைசிப் பந்திக்கு ஒதுங்குகின்றன. அதுவே பெக்மடைட். நெரிசல் இல்லாததால் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் காக்காப்பொன்னும் அங்கே பெரிதுபெரிதாக வளர்கின்றன.

கனிமம்: அந்தப் பெரிலியத்தால் உருவாகும் ஆறுபட்டைப் பெரில் தூய்மையாக இருந்தால் நிறமில்லை, மதிப்பும் குறைவு. துளி இரும்பு கலந்தால் அக்வாமரீன். குரோமியம் கலந்தால் மரகதம். கலப்படத்தால் விலை ஏறுவது இங்கே குற்றமாகாது.

வரலாறு: கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அருகில் போய் இறந்த ரோமானியர் பிளினி, இந்தியப் பெரில்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இந்தியர் அவற்றை நீளவாக்கில் துளையிட்டு யானை மயிரில் கோர்ப்பார்களாம். பளிங்குக்குச் சாயமேற்றிப் போலியும் செய்வார்களாம். ஏற்றுமதித் தரம் அன்றே இரண்டு வகை. நொய்யல் கரைக் கொடுமணலில், பெரிலை மணியாக்கிய பட்டறைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்தன.

1819-20இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜே.எம். ஹீத் படியூரில் எடுத்தவை 2,196 பெரில் கற்கள். மதிப்பு 1,201 பவுண்டு என்பது பதிவு. கல்லுக்குச் சுமார் 11 ஷில்லிங். பிறகு அவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்து நட்டப்பட்டார். 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு எஃகு ஆலைக்காரர்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டு உரிமைத்தொகையை மறந்தார்கள். ஹீத்தின் மிச்சக் காலம் வழக்கில் போயிற்று.

முடிபு: ஒரு பொருளால் வரும் லாபம், அதை வெளியே கொண்டுவந்தவரிடமிருந்து உள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். ரோமாபுரிக்கு நகை, ஷெஃபீல்டுக்கு எஃகு, படியூருக்குக் குழி. கடப்பாரை பிடித்தவருக்கும் கல்லுக்கும் இடையே தூரம் சுழி. அவருக்கு வந்ததும் சுழி. விதி பிசகவில்லை.