பதுளையை எந்த ஊர் மாதிரி ஆக்கலாம்?

பதுளைக்கு ஒரு தலையெழுத்து. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதை இன்னோர் ஊரோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குவான். நுவரெலியாவின் குளிர் இல்லை, கண்டியின் குளம் இல்லை, பண்டாரவளையின் காற்று இல்லை. நகரத்தை முன்னேற்றத் திட்டம் வரைகிறவர்கள் முதல் பக்கத்திலேயே இந்த இல்லைகளை எழுதிவிடுவார்கள். நமுனுகுலையின் அடிவாரத்தில், பதுளு ஓயா வளைத்துக்கொண்ட இடத்தில், ஊர் தன் பாட்டுக்கு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு இது புதிதில்லை. நானூறு வருஷமாக நிபுணர்களைப் பார்த்துக்கொண்டு வருகிற ஊர் அது.

அவர்களில் மூத்தவர் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா. 1630இல் படையோடு வந்தார், பதுளையைப் பார்த்தார், கொளுத்தினார். நகர மறுசீரமைப்பில் இதைவிடச் சுருக்கமான அறிக்கை இன்றுவரை வரவில்லை. திரும்புகிற வழியில் வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெலவில் கண்டிப் படை மடக்கியது. கூட வந்த உள்ளூர்ப் படையினரும் சமயம் பார்த்துக் கட்சி மாறினார்கள். ஆலோசகர் வீடு போய்ச் சேரவில்லை.

அடுத்து வெள்ளைக்காரர். 1815இல் கண்டி கைக்கு வந்தது, 1817இல் பதுளை அடங்கிய ஊவா கையை உதறியது. பதுளையில் இருந்த அதிகாரி டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். கலகத்தை அடக்கிவிட்டு வா என்று அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை, அரசாங்கத் துப்பாக்கிகளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டுக் கலகக்காரரோடு சேர்ந்துகொண்டார். கட்சி மாறும்போது அரசாங்க வாகனத்தையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த நாணயம் புரியாது. ஆளுநர் பிரவுன்ரிக் வீடு, வயல், மாடு, மரம் என்று எதையும் விடாமல் ஊவாவை அழித்தார். 1818இல் கெப்பெட்டிபொலவின் தலை போனது. மண்டையோடு எடின்பரோ வரை போய் 1954இல்தான் திரும்பியது.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஆளை விரட்டி, ஊரை எரித்து, இருபத்திரண்டு வருஷம் கழித்து 1840இல் ஒரு சட்டம் போட்டார்கள்: பயிரிடாமல் கிடக்கிற காணி முடிக்குச் சொந்தம். அட, சும்மா கிடக்கிறதே, கோப்பி போடலாமே என்று துரைமார் வந்தார்கள். சும்மா கிடக்கிற காணி எப்படிச் சும்மா கிடக்க ஆரம்பித்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் அங்கே மிச்சமில்லை.

அந்தக் காலத்துப் பதுளையின் பெரிய மனிதர் மேஜர் ரொஜர்ஸ். உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி, பாதை போடுகிறவர். மிஞ்சின நேரத்தில் யானை சுடுகிறவர். சுமார் 1,400 யானைகளைச் சுட்டார் என்பது கணக்கு. இதற்கு நடுவில் வழக்கும் விசாரித்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். 1845இல் அப்புத்தளையில் மழை ஓய்ந்துவிட்டதா என்று வெளியே வந்து பார்த்தவரை இடி விழுந்து கொன்றது. நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையிலும் பிறகு இடி விழுந்தது என்பார்கள். மேலிடத்துக் கோபம் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை போலும். அவர் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயம் எழும்பியது. நகரின் நடுவில் அழகான கட்டடம் அது. யானைகள் தரப்பில் நினைவுச்சின்னம் எதுவும் இல்லை.

கோப்பிக்கு வந்த கதி தெரிந்ததுதான். இலையில் ஆரஞ்சு நிறத்தில் பொடி படர்ந்து கொட்டுகிற அந்த நோய் 1869இல் இலங்கையில் முதலில் கண்ணில் பட்டது எங்கே என்றால், நம்முடைய மடுல்சீமையில். கோப்பி நோயைப் பற்றி உலகத்தில் எங்கே புத்தகம் எழுதினாலும் அந்த வருஷத்தைச் சொல்லாமல் நகர முடியாது. பதுளை மாவட்டத்துக்கு இத்தனை பெரிய விளம்பரம் தேடித் தந்தது ஒரு பூஞ்சணம். துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். கோப்பிக்குத் தென்னிந்தியாவிலிருந்து பருவத்தில் வந்து பறித்துவிட்டு ஊர் திரும்பிய சனம், தேயிலைக்கு வருஷம் முழுக்க வேண்டியிருந்ததால் தோட்டத்து லயத்திலேயே குடியிருக்க வேண்டியதாயிற்று. பதுளைப் பஜாருக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைத்த கதை இதுதான்.

1886இல் ஊவா தனி மாகாணமானது, பதுளை தலைநகர். கச்சேரி வந்தது, சிறைச்சாலை வந்தது, 1889இல் வெலேகடைச் சந்தை வந்தது. இந்தச் சந்தையை நின்று பார்க்க வேண்டும். எட்டுப் பக்கம் கொண்ட கட்டடம். நடுவில் வெட்டவெளி முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம். மரக்கறி விற்க எதற்கு எட்டுப் பக்கம்? என் யோசனை இது. நேர்க்கோட்டில் கடை போட்டால் வாங்க வந்தவர் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நேரே வெளியே போய்விடுவார். எட்டுப் பக்கம் என்றால் ஆரம்பித்த இடம் தெரியாது, சுற்றிக்கொண்டே இருப்பார், கருவாடும் வாங்குவார். கொழும்பில் இன்று கண்ணாடிக் கட்டடம் கட்டி மின்படிக்கட்டு வைத்துச் செய்கிற அதே வேலை. பதுளை அதைக் கல்லையும் மரத்தையும் ஓட்டையும் வைத்து முடித்துவிட்டது. இப்போது அது தொல்பொருள் சின்னம். புதுத் திட்டம் வரைய வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, மலேசியாவில் ஒரு சந்தை பார்த்தேன் என்று ஆரம்பிப்பார்கள்.

ரயில் விஷயத்தில்தான் பதுளை உண்மையாகவே மானம் கெட்டது. 1893இல் அப்புத்தளைக்கு ரயில் வந்தது, அடுத்த வருஷம் பண்டாரவளைக்கு வந்தது. அங்கேயே நின்றது. முப்பது வருஷம் நின்றது. தலைநகர்க்காரன் ரயில் ஏற வேண்டுமென்றால் முதலில் பண்டாரவளைக்கு மலை ஏற வேண்டும். பண்டாரவளைக்குத் திமிர் பிடித்தது இந்தக் காலத்தில்தான். துரைமாருக்கு ஹோட்டல், ஓய்வெடுக்கப் பங்களா, நுவரெலியாவைவிட உடம்புக்கு நல்ல காற்று என்று பெயர். அப்புத்தளைக்கும் ஒரு பெரிய மனிதர் கிடைத்தார்: 1890இல் தம்பேதென்னையில் தொழிற்சாலை கட்டிய தோமஸ் லிப்டன். மலை உச்சியில் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்து ரசித்தாராம். கொழுந்தெடுத்தவர்களும் அதே காட்சியைப் பார்த்தார்கள், நின்றுகொண்டு.

ஒருவழியாகப் பதுளைக்குப் பாதை நீண்டபோது தெமோதரையில் மலை இடக்கு பண்ணியது. அப்போது ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்த எஞ்சினியர் விமலசுரேந்திரவுக்கு வழி புலப்பட்டது என்று ஒரு கதை. ரயில் சுற்றி இறங்கி, தான் நின்ற ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைந்து போகும். கதை மெய்யோ பொய்யோ, மலைநாட்டில் ஒரு கங்காணியின் தலையிலிருந்து வந்த நல்ல காரியமாகச் சொல்லப்படுவது இது ஒன்றுதான். 1924 பெப்ரவரியில் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது.

சரி, ஊவாவில் ஒழுங்காகத் திட்டமிட்டு ஒரே மூச்சில் கட்டிய நகரமே கிடையாதா? உண்டு. தியத்தலாவையில், 1900இல். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை அடைக்க வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகைகள், சுற்றிலும் முள்வேலி. ஆயிரக்கணக்கான பேர். கைதிகள் கடை வைத்தார்கள், கைவேலைப் பொருட்கள் செய்து விற்றார்கள், பத்திரிகைகூட நடத்தினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் போர் முடிந்ததும் அவர்களைக் கப்பலேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே மலையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாகக் கட்டி வேறு சிலரையும் குடிவைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கப்பல் 1964ஆம் வருஷம் இந்தியாவோடு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவும், போயர்களுக்குக் கிடைத்தது போல வீடு இருந்த திசைக்கு அல்ல.

பதுளையின் நகர மையம் எது என்று என்னைக் கேட்டால் நான் இடத்தைச் சொல்லமாட்டேன், தேதியைச் சொல்வேன். பத்தாந்தேதி. தோட்டத்தில் சம்பளம் போடுகிற நாள். அதையொட்டி வருகிற ஞாயிறு காலையில் பசறைப் பக்கமிருந்தும் ஸ்பிரிங்வெளிப் பக்கமிருந்தும் இறங்குகிற பஸ்களில் கால்வைக்க இடம் இருக்காது. பஜாரில் கடன் கொப்பியைத் தூசி தட்டி எடுத்து வைத்திருப்பார்கள்.

“மொதலாளி, ரெண்டு கிலோ மாவுதானே வாங்குனேன்? கொப்பில மூணு கெடக்கு.”

“நடுவுல ஒங்க பெரியவன் வந்து ஒண்ணு வாங்கிட்டுப் போனான்லம்மா.”

“அவன் கொழும்புல வேல செய்றானே.”

“அப்ப சின்னவனா இருக்கும்.”

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல மேஜர் ரொஜர்ஸாலும் முடியாது. ஆனால் பதுளையின் வர்த்தகம் என்று எந்த அறிக்கையில் எந்த எண் வந்தாலும், அதற்குள் இந்த மூன்றாவது கிலோ மாவும் இருக்கிறது.

திட்ட வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நகரம் சிவப்பு, வீதி கறுப்பு, ஆறு நீலம். தோட்டம் முழுக்கப் பச்சை. பச்சைக்குள் ஆள் இருப்பதாக அடையாளம் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்தது, 1949இன் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து அழித்தது. பிறகு குடியுரிமை திரும்பிய காலத்திலும், 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு குறுக்கே படுத்திருந்தது. தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவும் சபைக்குக் கை நீளவில்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை வாக்குப் போட்ட சபைக்கு அவர்கள் வெளியாள். கடன் கொப்பியில் மட்டும் நிரந்தரக் குடிமக்கள்.

இப்போது பதுளையை ஒப்பிடப் புது ஊர் ஒன்று கிடைத்திருக்கிறது: எல்ல. ஒரு காலத்தில் ரயில் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போன இடம். ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வருகிறதைப் படம் எடுக்க வெள்ளைக்காரர் மறுபடி வந்தார்கள், இந்த முறை துப்பாக்கி இல்லாமல். பீட்சாக் கடை வந்தது, பாட்டுச் சத்தம் வந்தது, வாடகை ஏறியது. பதுளையையும் எல்ல மாதிரி ஆக்கலாமே என்கிறார்கள்.

கொழும்பிலிருந்து வருகிற ரயிலில் எல்ல வரைக்கும் வாசலில் தொங்கிப் படம் எடுக்கிறவர்களுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் நின்றே வந்தவர்கள் உண்டு. எல்லவில் படம் எடுத்தவர்கள் மொத்தமாக இறங்க, பெட்டி காலியாகும். ஹாலி-எல போகிற அம்மா ஒருவர் யன்னல் ஓரத்தில் பையை வைத்து, பக்கத்தில் பேத்தியை உட்காரவைத்து, எதிர் இருக்கையிலும் காலை நீட்டிக்கொண்டார். டிக்கெட் பார்க்க வந்தவர் காலை எடுக்கச் சொன்னார். “நானுஓயாவுல இருந்து நின்னுகிட்டு வர்றேங்க ஐயா, பதுளைக்கு முன்னால எறங்கிருவேன்” என்றார் அந்த அம்மா. கால் அங்கேயேதான் இருந்தது.