கண்ணு, மிஷினு என்ன சொல்லுது?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. மண்ணுக்குள்ள உலோகம் தேடற அந்த மிஷினச் சுவத்துல சாத்தாத, மடியிலயே வெச்சுக்க. 28,000 ரூவா குடுத்து வாங்குன சாமான் கீழ விழுந்தா உங்கொப்பன் என்னையத்தான கேப்பான்? வாசப்படி ஏறயிலயே அது ‘கீங்’குனு ஒரு கத்துக் கத்துச்சு, உன்ற மூஞ்சி பூத்துப் போச்சு. அது ஒண்ணுமில்ல, நெலவுல எங்கப்பாரு அடிச்சு வெச்ச லாடம். பேயி உள்ள வரக்கூடாதுன்னு அடிச்சாரு. பேரன் வந்துட்டான்.

கோவிச்சுக்காத. ஊருப் பசங்க பூரா போன நோண்டறாங்க, நீ மண்ண நோண்டற. மண்ணு நோண்டறது நம்ம குலத்தொழிலு. அதே கையோட ரெண்டு வாழக்கட்டை நட்டிருந்தயின்னா இன்னும் எச்சாச் சந்தோசப்பட்டிருப்பேன், அவ்வளவுதான்.

போன ஞாயித்துக்கெழம ஆத்துமேட்டுல நாள் முச்சூடும் நடந்தயே, என்ன கெடச்சுது? நானே எண்ணிப் பாத்தேன். குவார்ட்டர் பாட்டில் மூடி 11, லாரி நட்டு 1, ஆணி 3, பாக்குப் பொட்டலத்து ஈயக் காயிதம் ஒரு குத்து. அப்பறம் ஒரு 25 பைசா. அதும் 2011-லயே செல்லாமப் போன காசு. பழைய காசு தேடறவனுக்குச் செல்லாக்காசு கெடச்சுது, ஒரு வகையில நாயந்தான்.

அது ஏன் அப்படின்னு நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த? அடியில இருக்கற வட்டத்தட்டு மண்ணுக்குள்ள காந்த அலைய அனுப்புது. உள்ள உலோகம் இருந்தா அதுக்குள்ள கரண்டு சுழண்டு, அது பதிலுக்கு ஒரு அலைய அனுப்புது. கெணத்துக்குள்ள எட்டிப் பாத்து “டேய்”னு கத்தினா கெணறும் “டேய்”ங்கற மாதிரி. ஆனா கண்ணு, கெணத்துல இருந்து திரும்பி வாரது உன்ற கொரலுதான், தவளை கொரலில்ல. பிராந்தி பாட்டிலோட அலுமினிய மூடி, நல்ல வெள்ளிக்காசு கத்தற மாதிரியே கத்தும். ஈயக் காயிதத்துக்குக் கத்த வேண்டாம்னு திருகி வெச்சயின்னா, சின்னத் தங்க மோதரம் கெடந்தாலும் கம்முனு இருந்துக்கும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கொரலுதான். குப்பையும் வேண்டாம் மோதரமும் வேணும்னா நடக்காது. காசுத் தண்டிச் சாமான் ஒரு சாணுக்குள்ள இருந்தாத்தான் உன்ற மிஷினுக்குக் காது கேக்கும். கருமணல் கலந்த எடமா இருந்தா சும்மாவே பொலம்பும். உங்க அப்பத்தா மாதிரி.

கொடுமுடிப் படித்தொறையில பசங்க கயித்துல காந்தத்தக் கட்டித் தண்ணிக்குள்ள விடறதப் பாத்திருப்ப. ஒரு ரூவா, ரெண்டு ரூவா ஒட்டிக்கிட்டு வரும், அது எவர்சில்வர் சாதி. தங்கம், வெள்ளி, செம்பு ஒட்டாது. அந்தப் பசங்களுக்குக் காந்தத்துக்கும் கயித்துக்கும் நூறு ரூவா ஆயிருக்கும், சாயங்காலம் பரோட்டா தின்னுட்டுப் போறாங்க. உன்ற கணக்கச் சொல்லு.

கரூர்ல அமராவதி ஆத்து மணலுக்குள்ள காசு கெடச்சது நெசம். ரோமாபுரிக் காசு, சேரங்காசு எல்லாம் கெடச்சிருக்குது. ‘மாக்கோதை’னு பழைய தமிழ் எழுத்துல பேரு போட்ட வெள்ளிக்காசுல ஒரு ராசா தலை இருக்குதே, அது ரோமாபுரிக் காசப் பாத்துக்கிட்டு அடிச்ச மாதிரியே இருக்கும். உன்ற கையில மிஷின் வந்த ஒடனே எல்லா ஆறும் அமராவதி ஆயிருச்சா?

சரி, கெடச்சாலும் என்ன பண்ணுவ? நான் பண்ணுனதச் சொல்றேன் கேளு. நான் எளவட்டமா இருக்கையில தெக்கால காட்டுல ஏரு ஓட்டறப்பச் செம்புக்காசு ஒண்ணு கெளம்புச்சு. ஒரு பக்கம் நிக்கற ஆளு, இன்னொரு பக்கம் உக்காந்த ஆளு, பக்கத்துல என்னமோ எழுத்து. ராசராச சோழங்காசுன்னு பின்னால படத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுது. பச்சையாக் களிம்பு புடிச்சிருந்துச்சு. நல்லா இருக்கோணும்னு புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காநாருல வெளக்கு வெளக்குன்னு வெளக்கினேன். குத்துவெளக்காட்ட மின்னுச்சு. நின்ன ஆளு போயிட்டான், உக்காந்த ஆளும் எந்திரிச்சுப் போயிட்டான், எழுத்தும் போச்சு. அந்தக் களிம்புதான் ஆயிரம் வருசமா எழுத்த மூடிக் காப்பாத்தீட்டு இருந்துச்சுன்னு ரொம்பக் காலங்கழிச்சுத்தான் தெரிஞ்சுது. மிச்சம் இருந்த செம்புத் துண்டுல ஓட்டை போட்டு உங்கொப்பன் அரைஞாண்ல கட்டினோம். அவன் அதப் புடுங்கி முழுங்கிப்போட்டான். நம்ம குடும்பத்துல மொதமொதல்ல புதையல் தேடினது உங்க அப்பத்தாதான். ரெண்டு நாளு, பொடக்காலியில, ஒரு குச்சிய வெச்சுக்கிட்டு. கெடைக்கல. எதுக்கும் உங்கொப்பன் படுத்திருக்கையில வயித்து மேல மிஷின ஒரு ஓட்டு ஓட்டிப் பாரு.

நான் தாலுகா ஆபீசுல 30 வருசம் பேனா புடிச்சவன், அதனால சட்டமும் சொல்லிப்போடறேன். 1878-ல வெள்ளக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் உசுரோட இருக்குது. மண்ணுக்குள்ள இருந்து எடுத்த சாமானோட மதிப்பு 10 ரூவாய்க்கு மேல இருந்தா, என்ன சாமான், எவ்வளவு, எங்க, என்னிக்குக் கெடச்சுதுன்னு எழுதிக் கலெக்டருக்குக் குடுக்கோணும். 10 ரூவா கண்ணு! அந்தக் காலத்துல அது ஒரு சம்சாரியோட மாசச் சம்பாத்தியத்துக்கு மேல. இன்னிக்கு டவுனுல ஒரு டீக்குக் கூடப் பத்தாது, ஆனா சட்டத்துல அத யாரும் மாத்தல. சொல்லாம மறச்சயின்னா ஒரு வருசம் வரைக்கும் உள்ள. காட்டுக்காரனும் கூட்டுச் சேந்தா அவனுக்கு 6 மாசம் வரைக்கும். அதாவது ரெண்டு பேரும் ஒண்ணாப் போனாலும் நான் மொதல்ல வெளிய வந்துருவேன். என்ற செம்புக்காசு அன்னிக்குப் பத்து ரூவா பெறாது, அதனால நான் குத்தவாளி இல்ல. நல்லா நெனப்புல வெச்சுக்க.

பழைய சாமானத் தோண்டி ஆராயற கொடுமணல் பக்கமெல்லாம் இந்த மிஷினத் தூக்கீட்டுப் போயிராத. அந்த மாதிரி எடத்துல காசு எத்தன அடி ஆழத்துல, எந்தப் பானையோட்டுக்குப் பக்கத்துல கெடந்துச்சுங்கறதுதான் சேதி. நீ ‘கீங்’குனதும் குழி பறிச்சு எடுத்தா உன்ற கையில காசு இருக்கும், அது எந்தக் காலத்துதுன்னு சொல்ற மண்ணு கலைஞ்சு போயிருக்கும். நான் புளி போட்டு வெளக்கினதும் நீ அங்க தோண்டறதும் ஒரே வேலதான்.

இப்ப நீ போனுல காட்டுனயே, இங்கிலாந்துக்காரன் கதை. பாதியத்தான் காட்டுன. மீதிய நான் வாசகசாலையில படிச்சேன். 1992 நவம்பர்ல, சஃபோக் ஜில்லாவுல ஹாக்ஸன்னு ஒரு ஊரு. ஒரு குடியானவன் காட்டுல சுத்தியலத் தொலச்சுப்போட்டான். மிஷின் வெச்சிருந்த சிநேகிதன் தேடித் தர வந்தான். தேடுனது சுத்தியல், கெடச்சது தங்கத்துலயும் வெள்ளியிலயும் ரோமாபுரிக் காசு, கரண்டி, நகை. கொஞ்சத்தத் தோண்டிப் பாத்தவன், மிச்சத்தத் தொடாம நிறுத்திப்போட்டு அதிகாரிகளுக்குச் சேதி சொன்னான். உன்னைய மாதிரி ஆளா இருந்தா விடியவிடியத் தோண்டியிருப்ப. வந்தவங்க பக்குவமா எடுத்ததுல 14,865 காசு. எல்லாம் மரப்பெட்டிக்குள்ள எப்படி அடுக்கியிருந்துச்சுங்கறது வரைக்கும் தெரிஞ்சுது. அதுல ஒரு ராணி மாதிரி செஞ்ச வெள்ளிச் சிமிழு, மொளகு போட்டு வைக்கறதுக்கு. அந்த ஊருல மொளகு ஏது? எல்லாம் நம்ம மேக்குக் கரையில இருந்து கப்பலேறிப் போனதுதான். நம்ம மொளகு அங்க போச்சு, அவங்க காசு கரூர் மணலுக்கு வந்துச்சு. வேவாரம் பண்ணுனவன் செத்தே 1600 வருசமாச்சு, நீ இப்பத்தான் பாக்கி வசூல் பண்ணப் பொறப்பட்டிருக்கற.

அந்த மிஷின்காரனுக்கு 17.5 லட்சம் பவுண்டு குடுத்தாங்க. அதுல குடியானவனுக்கும் பங்கு குடுத்தான். இத உன்ற போன் சொல்லல, பாத்தயா? அந்தச் சுத்தியலும் கெடச்சு, இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்குது.

நம்மூரு மண்ணும் அப்படித்தான் கண்ணு, தேடறவனுக்குக் குடுக்காது. 2020 பிப்ரவரியில திருவானைக்காவல் கோயில்ல எடத்தச் சுத்தம் பண்ணப் போன கூலியாளுக தோண்டறப்ப ஒரு சொம்புல 505 பொன்காசு. 1898-ல புதுக்கோட்டைச் சீமையில கருக்காக்குறிச்சியில 501 ரோமாபுரிப் பொன்காசு கெளம்புச்சு. பெரும்பாலான காசுல ராசா மூஞ்சியில உளியால ஒரு வெட்டு. அன்னிக்கு எவன் கையிலயும் மிஷின் கெடையாது.

அதனால சொல்றேன், பொன்னத் தேடி அலையாத, தொலஞ்சதத் தேடு. பக்கத்து வளவு ஆயா தோடு திருகாணி, பசங்க தொலச்ச வண்டிச் சாவி, கூப்பிட்டவங்களுக்கெல்லாம் போய்த் தேடிக் குடு. காப்பித்தண்ணியாச்சும் கெடைக்கும்.

மொத வேல நம்ம வேல. சோளத்தட்டு அறுக்கையில என்ற பன்னருவா தெக்கால காட்டுல எங்கயோ விழுந்துபோச்சு, உழவுக்கு முந்தி எடுக்கலீன்னா மாட்டுக் காலக் கிழிச்சுப்போடும். ஞாயித்துக்கெழம வெடியால மிஷினோட வா. ஆணிக்குக் கத்த வேண்டாம்னு திருகி வெச்சிருந்தயின்னா அதக் கழட்டீட்டு வா, அருவாளும் இரும்புதான். தோண்டுன குழிய மூடிப்போடு. அருவாளோட சேந்து வேற ஏதாச்சும் கத்துச்சுன்னா அங்கயே கைய நிறுத்திப்போட்டு என்னையக் கூப்புடு, கலெக்டருக்கு மனு நான் எழுதறேன். சொந்தக்காரன் எவனும் வரலீன்னா அந்தச் சட்டப்படி எடுத்தவனுக்கு முக்காப் பங்கு, நெலத்துக்காரனுக்குக் காப் பங்கு. அந்தக் காட்டுப் பட்டா இன்னும் என்ற பேர்லதான் இருக்குது.