ஃபோர்டு என்ன ஆளுங்க?

1990களில் மறைமலை நகருக்கு வந்து 2022இல் கார் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு கம்பெனியைப் பார்த்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்று இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மயக்கமே வந்திருக்கும். ஹென்றி ஃபோர்டின் தந்தை அயர்லாந்தின் கார்க் பகுதிக் குத்தகை விவசாயி மகன்; பஞ்சத்தில் 1847இல் கப்பலேறியவர். முன்னோர்களோ இங்கிலாந்திலிருந்து அங்கே போனவர்கள். போதாததற்கு, ஒன்றுக்கொன்று ஒட்டுறவில்லாத மூன்று ஐரிஷ் குடிப்பெயர்களும் ஆங்கிலத்தில் ஃபோர்டு என்றே ஆகிவிட்டன. இப்படிக் கலந்துகட்டிய பெயரைத்தான் "மாப்பிள்ளை ஃபோர்டுல இருக்காரு" என்று சொல்லிப் பெண் கேட்டோம்.

அந்த மாப்பிள்ளை வாடகைக்கு வீடு தேடிப் போகட்டும்.

"தம்பி பேரு?"

"முருகன் சார்."

"முழுப் பேரு?"

"க. முருகன்."

ஏமாற்றம். அடுத்து சொந்த ஊர். ஊரில் எந்தத் தெரு. குலதெய்வம் எது. எதிலும் பிடி கிடைக்காவிட்டால், "வீட்ல கவுச்சி உண்டா?" கடைசியில், "அடடா, நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு." கேட்டில் டு லெட் பலகை மட்டும் மாதக்கணக்கில் ஆடும்.

முருகன் பெயருக்குப் பின்னால் சாதி இல்லாததற்கு ஒரு கதை உண்டு. மறைமலை நகரிலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது நிலையம் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய சுயமரியாதை மாநாடுதான், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது என்று தீர்மானம் போட்டது. தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தம் பெயரிலிருந்த நாடார் பட்டத்தை உதறினார். இந்த ஊருக்குப் பெயர் தந்தவரும் வேதாசலம் என்ற பெயரை விட்டு மறைமலை ஆனவர்தான். அது சாதிக்காக அல்ல, தமிழுக்காக.

வாலை நறுக்கிவிட்டோம் என்று வடக்கத்திக்காரர்களிடம் இன்னும் மார்தட்டுகிறோம். நறுக்கிய வால் செத்தா போனது? கார் கண்ணாடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது, கல்யாண பேனரில் பல் இளிக்கிறது, பள்ளிக்கூடத்துப் பையன் மணிக்கட்டில் கலர் கயிறாகச் சுற்றியிருக்கிறது. வீட்டுக்காரர் நாக்கிலோ குலதெய்வ விசாரணையாக நெளிகிறது.

வீட்டுக்காரர்களே, இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? டு லெட் பலகையிலேயே உங்கள் சாதியையும், வீடு கிடையாது என்கிற சாதிகளையும் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுங்கள். எழுதக் கை கூசுகிறதா? அப்படியென்றால் கேட்க மட்டும் எப்படி வாய் வருகிறது?