ஒண்டியாளும் ஏழாயிரம் பேரும்

பட்டம் கொடுப்பதில் ஸ்பெயின் ராஜாக்கள் தாராளப் பிரபுக்கள். போர் ஜெயித்தால் கோமகன், சுமாராக ஜெயித்தால் கோமான். பெர்னார்டோ தெ கால்வெஸுக்கு 1783இல் ‘கால்வெஸ் கோமான்’ பட்டம் வந்தது. அதாவது, அவருடைய பெயரை அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். கூடவே குலச்சின்னத்தில் போட்டுக்கொள்ள ஒரு வாசகம்: ‘யோ சோலோ’. நம்மூர் பாஷையில் சொன்னால், ‘நான் ஒண்டியாகவே!’

அந்த ஒண்டியாள் சமாச்சாரம் நடந்தது 1781 மார்ச்சில், ஃபுளோரிடாவின் பென்சகோலாவில். ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அமெரிக்கக் குடியேறிகள் இங்கிலாந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். சந்தடிசாக்கில் ஃபுளோரிடாவைத் திருப்பிப் பிடித்துவிடலாம் என்பது ஸ்பெயினின் கணக்கு. லூசியானா ஆளுநரான கால்வெஸ், ஹவானாவிலிருந்து கப்பல்களோடு வந்து சேர்ந்தார்.

வளைகுடா வாயில் ஒரு மணல்திட்டு. எதிரே மேட்டில் ஆங்கிலேயப் பீரங்கிகள். கடற்படைத் தளபதி ஹோசே கால்வோவின் பெரிய கப்பல் ‘சான் ரமோன்’ முதல் முயற்சியிலேயே தரை தட்டியது. மனிதர் கப்பலைப் பின்னால் எடுத்தார். எடுத்தவர் எடுத்தவர்தான். ‘உள்ளே வர மாட்டேன், ராஜாவின் கப்பலுக்கு யார் பதில் சொல்வது?’ என்று உட்கார்ந்துவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமாகப் பேசியவனுக்கு எந்த ராஜா பட்டம் கொடுத்திருக்கிறார்?

கால்வெஸுக்குப் பொறுமை போய்விட்டது. கோட்டையிலிருந்து தன் முகாமில் வந்து விழுந்த பீரங்கிக் குண்டு ஒன்றை எடுத்து, ஓர் அதிகாரியிடம் கொடுத்துக் கால்வோவுக்கு அனுப்பினார். உள்ளே போனால் இந்த மாதிரிதான் வரும், மானம் ரோஷம் உள்ளவர்கள் பின்னால் வரலாம் என்று சேதி. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதைப் பார்த்திருக்கிறோம். இவர் குண்டு வைத்து அழைத்தார். கால்வோவிடமிருந்து வந்த பதிலின் சாரம்: இவன் திமிர் பிடித்த துரோகி, பாய்மரத்தில் தொங்கவிட வேண்டும்.

மார்ச் 18. கால்வெஸ் தன் பெயரையே தாங்கிய ‘கால்வெஸ்டவுன்’ என்ற கப்பலில் ஏறினார். உள்ளே இருப்பது யாரென்று எதிரிக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று கொடியை ஏற்றி, மரியாதை வெடியும் போட்டார். கோட்டை சரமாரியாகச் சுட்டது. பாய் கிழிந்தது, கயிறு அறுந்தது, ஆளுக்குக் கீறல் இல்லை. மறுநாள் மற்ற கப்பல்களும் வெட்கப்பட்டுப் பின்தொடர்ந்தன. கால்வோ மட்டும் ‘சான் ரமோனை’த் திருப்பிக்கொண்டு ஹவானாவுக்குக் கிளம்பிவிட்டார்.

இனி ‘ஒண்டியாக’ என்ற சொல்லைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். அவர் ஏறிய கப்பலில் மாலுமிகள் இருந்தார்கள். கூடவே மூன்று சிறு கலங்களும் போயின. மொபைல் என்ற ஊரிலிருந்தும் நியூ ஆர்லியன்ஸிலிருந்தும் படைகள் வந்தன. ஏப்ரலில் ஹவானாவிலிருந்து இன்னொரு பெரும்படை, அதில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. எல்லாமாகச் சேர்த்து ஏழாயிரத்துக்கும் மேல். நடுவில் நம் ஒண்டியாள் விரலிலும் வயிற்றிலும் காயம்பட்டுப் படுத்தபோது, முற்றுகையை நடத்தியதும் மற்றவர்கள்தான்.

முடிவில் காரியத்தை முடித்தது யார்? மே 8 அன்று போய் விழுந்த ஒற்றைக் குண்டு. அது ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்கில் இறங்க, பல பேர் ஒரே நொடியில் போனார்கள். இரண்டு நாளில் தளபதி கேம்ப்பெல் சரணடைந்தார். ‘யோ சோலோ’ என்று போட்டுக்கொள்ள உண்மையான பாத்தியதை அந்தக் குண்டுக்குத்தான்.

மாட்ரிடில் கடல்கடந்த காலனிகளின் அமைச்சராக இருந்தவர் ஹோசே தெ கால்வெஸ். பெர்னார்டோவின் சொந்தச் சித்தப்பா. பட்டம் தாமதமில்லாமல் கிடைத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

அமெரிக்காவில் அவருக்குச் சித்தப்பா கிடையாது. 1783இல் அவருடைய படத்தை நாடாளுமன்றத்தில் மாட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். மாட்டியது 2014 டிசம்பரில். அந்தப் படத்தில் அவர் ஒண்டியாகத்தான் இருக்கிறார்.