கட்டிலுக்குப் பெயர் சீர்திருத்தவாதி

அடையாறுக்குச் சீர்திருத்தவாதிகள் புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தை நடத்தியதும், 1954-ல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் இங்கேதான். இப்போது அதே அடையாறில் ‘ரிஃபார்மர்’ என்றால் ஸ்பிரிங் மாட்டிய, சறுக்குப் பலகை வைத்த ஒரு கட்டில். அதில் படுத்துக் காலை நீட்டி மடக்கினால் பிலாட்டீஸ் உடற்பயிற்சி. சீர்திருத்தம் தொப்பையோடு நின்றுவிடும்.

இதைவிட ஒசத்தி ‘கேடிலாக்’. அமெரிக்கப் படகுக் காரின் பெயர். ஆனால் நான்கு கம்பமும் மேலே சட்டமுமாக, கொசுவலை மட்டும்தான் பாக்கி. அங்குலம் நகராது. தி. நகர் உஸ்மான் ரோட்டில் சாயங்காலம் கார் ஓட்டியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

பயிற்சிகளின் பெயர்களோ கிண்டி சிறுவர் பூங்கா: அன்னம், கடல்நாய், யானை. நடுவில் ரம்பமும் கார்க் திருகியும் வேறு. கண்டுபிடித்த ஜோசப் பிலாட்டீஸ் (1883–1967) முதல் உலகப் போரில் பிரிட்டனில் சிறைவைக்கப்பட்ட ஜெர்மானியர். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. ஊர் அதை ஏற்கவில்லை, அவர் பெயரையே வைத்துவிட்டது.

சிரிக்க நமக்கும் யோக்கியதை குறைவு. வெட்டுக்கிளி, கொக்கு, மயில் என்று ஆசனம் போட்டுவிட்டு, கடைசியில் பிணமாகவும் படுக்கிறவர்கள் நாம். அதற்கும் மயிலாப்பூரில் கட்டணம் உண்டு.

பிலாட்டீஸ் வகுப்பில் சேர நினைப்பவர்களுக்கு ஒன்று: பெயரை விடுங்கள், ஸ்பிரிங்கின் நிறத்தைக் கேளுங்கள். எவ்வளவு கனம் என்பதை அதுதான் சொல்லும். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.