இருகால் நடுக்கம்: குத்துக்கல்வலசையில் ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தென்காசிக் கோபுர வாசலில் காற்று ஏன் அப்படித் தள்ளுகிறது என்று ஆராய்ந்தவர் உண்டு. குற்றாலத்தில் சாரல் எப்போது தொடங்கும் என்று சோதிடம் சொல்வோரும் உண்டு. ஆனால், எதுகை என்றால் என்ன என்று ஐந்து நிமிடம் பேச எழுந்த ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு முழங்கால் ஏன் நடுங்குகிறது என்பதை இதுவரை எந்த அறிஞரும் தொட்டதாகத் தெரியவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

இப்படி எழுந்து பேசுவதற்குப் பிள்ளைகள் இட்ட பெயர் ‘செமினார்’. ஆசிரியர் ஆளுக்கொரு சொல்லைப் பங்கிடுவார்: “நீ தளை, நீ எழினி, நீ தற்குறிப்பேற்றம்.” அந்தக் கணமே அவர்களுடைய இயற்பெயர்கள் மறைந்துவிடும். மறுநாள் காலை, “டீச்சர், தற்குறிப்பேற்றத்துக்குக் காய்ச்சல்” என்று தகவல் வரும்.

2. ஆய்வுக் களம்

களம், தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு வகுப்பறை. நட்டு நிறுத்திய கல் குத்துக்கல். பெயர்ந்து வந்தோர் குடியிருப்பு வலசை. செமினாரின் இலக்கணம் ஊர்ப் பெயரிலேயே அடங்கிவிட்டது. முன்னால் போய் நிற்பவன் குத்துக்கல். அவன் இரவெல்லாம் உருப்போட்ட வரிகள் வலசை போயிருக்கும்.

பக்கத்து மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் ஊர். அவருடைய குற்றாலக் குறவஞ்சி பாட்டா, நாடகமா? இரண்டும்தான். கட்டியக்காரன் வருவான், வசந்தவல்லி பந்தாடுவாள், சிங்கி குறி சொல்வாள், சிங்கன் அவளைத் தேடுவான். அதற்காக மதுரை மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலமே கொடுத்தார். ‘குறவஞ்சிமேடு’ என்று அதற்குப் பெயர். அதே குறவஞ்சியைச் சார்ட்டில் எழுதி விளக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதோ அகமதிப்பீட்டில் சில மதிப்பெண். மேட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி தனி ஆய்வுக்குரியது.

3. முன்னோர் கணக்கு

ஆசிரியர் சும்மா இருக்கப் பிள்ளைகளைப் பேசவிடுவது புதுமுறை என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? எனின், 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூல் பொதுப்பாயிரத்தில் கணக்கை முடித்துவிட்டார். ஆசான் சொல்வதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால். மிச்சமுள்ள இரண்டு காலும் பிறர்க்கு எடுத்துரைத்தால்தான் சேரும்.

இரண்டாம் காலுக்கு இந்தப் பக்கத்திலேயே சான்று உண்டு. ரசிகமணி டி.கே.சி.யின் திருநெல்வேலி வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடிப் பேசிப் பேசியே கம்பனை ருசித்தார்கள். பின்னாளில் அவர் குற்றாலத்துக்கே குடிவந்தார். அங்கே மதிப்பெண் இல்லை. ஆகவே நடுக்கமும் இல்லை.

இனி நம் கருதுகோள்: செமினார் எடுப்பவனிடம் நடுங்குவது எந்தக் கால்? பவணந்தியார் எடுத்துரைப்பவனுக்கு வாக்களித்த அந்த இருகாலே. புதிதாக முளைக்கும் கால் நடுங்கத்தானே செய்யும்?

4. அரங்கமும் எழினியும்

சிலப்பதிகார அரங்கேற்று காதையின்படி அரங்கு ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம், வாயில் இரண்டு. நம் வகுப்பில் முதல் பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் நடுவே மூன்று எட்டு; உயரம் இல்லை; வாயில் ஒன்று, அதிலும் ஆசிரியர் நாற்காலி போட்டிருக்கிறார்.

ஆனால் எழினி என்னும் திரைகள் மூன்றும் குறைவின்றி உண்டு. சார்ட்டால் முகத்தை மறைத்துக்கொண்டே வாசிப்பது ஒருமுக எழினி. இரண்டு தோழியர் ஆளுக்கொரு சார்ட்டோடு இருபுறமிருந்தும் வந்து முட்டிக்கொள்வது பொருமுக எழினி. ஆணியில் மாட்டிய சார்ட் மேலிருந்து தலையில் விழுவது கரந்துவரல் எழினி.

5. அவையோர் வகை

மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாக வகுத்தது நன்னூல். களத்தில் கிளியே மிகுதி: கோனார் உரையில் உள்ளது உள்ளபடி, “மேலே காண்க” என்பது உட்பட, ஒப்பிக்கும். ஆடு ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வரி மேயும். எருமை “டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?” என்று குளத்தைக் கலக்கும்.

ஓவியப் பாவைபோல் அசையாதிருந்து கேட்கவேண்டும் என்பதும் அந்நூல் விதி. “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டதும் வகுப்பு அவ்விதியைக் கடைப்பிடித்துக் குற்றாலத்துச் சித்திர சபையாகிவிடுகிறது.

6. களச் சான்று

அன்று தளையாக வந்தவன் ஒல்லியான பையன். சார்ட் கொண்டுவரவில்லை. கால் நடுங்கியது, பதிவு செய்தேன்.

“தளைன்னா கட்டு. ஒரு சீரு முடிஞ்சு அடுத்த சீரு எப்படி ஆரம்பிக்குன்னு பாக்கணும். பஸ்சுல அடுத்தடுத்த ஸ்டாப்பு மாதிரி” என்று சொல்லி, பலகையில் ‘தென்காசி குற்றாலம்’ என்று எழுதினான். தென்-கா-சி: நேர் நேர் நேர், தேமாங்காய். குற்-றா-லம்: அதுவும் தேமாங்காய். காய் முன் நேர், வெண்சீர் வெண்டளை. “ரெண்டு ஊரும் வெண்பாவுல சேந்தே போவும்.”

மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். “அப்போ நம்ம ஊரு?”

பையன் பலகைப் பக்கம் திரும்பினான். குத்-துக்-கல், தேமாங்காய். வல-சை, புளிமா. காய் முன் நிரை. கலித்தளை! வெண்பாவோ வெண்டளையை மட்டுமே ஏற்கும்.

“வெண்பாவுல நமக்கு எடமில்லையால?” என்று ஒரே கூச்சல். “வேற மாதிரி பிரில” என்றான் ஒருவன். குத்-துக், தேமா, கல்-வல-சை, கூவிளங்காய். மா முன் நேர்: ஆசிரியத்தளை. ஆகாது. “திருப்பிப் போடு” என்றாள் இன்னொருத்தி. வலசைக் குத்துக்கல். மறுபடியும் மா முன் நேர்.

வாயில் நாற்காலியில் இருந்த ஆசிரியரும் விரல் மடக்கத் தொடங்கிவிட்டார். அதுவரை இல்லிக்குடம், அதாவது ஓட்டைக்குடம், என்று நான் குறித்துவைத்திருந்த பையன்தான் மெல்லச் சொன்னான்: “வலசையாம் குத்துக்கல்னு போட்டா?” போட்டார்கள். எப்படி அலகிட்டாலும் வெண்டளை தட்டவில்லை. புலவர்கள் ஆங்காங்கே ஓர் ‘ஆம்’ ஏன் செருகுகிறார்கள் என்பது அன்று நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் விளங்கிற்று.

மணி அடித்தபிறகு பையனிடம் கேட்டேன், “கால் ஆடுச்சே, இப்போ?”

“நம்ம ஊரு வந்ததும் மறந்துட்டு சார்.”

7. முடிபு

சார்ட்டில் இருக்கும்வரை கலைச்சொல் யாருக்கும் சொந்தமில்லை. எதிரே ஒருத்தி எழுந்து “அப்போ நம்ம ஊரு?” என்று கேட்கும்போதுதான் அது கைக்கு வருகிறது. கருதுகோள் நிறுவப்பட்டது.

ஒரு திருத்தம். வகுப்பில் நான் எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நேற்றிரவு ஆறாம் பகுதியை எழுத உட்கார்ந்தபோது கலித்தளையா, வெண்டளையா என்று மூன்றுமுறை விரல்விட்டு எண்ணவேண்டி வந்தது. மேசைக்கடியில் ஏதோ லேசாக ஆடுகிறதே என்று குனிந்து பார்த்தேன். மேசையின் கால் அல்ல.